மோட்டார் சைக்கிளில் காகிதங்களைக் கொண்டு செல்ல ஒரு பை

2022-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்து மாலை ஒன்றில், புளியம்பட்டியைத் தாண்டிச் சத்தியமங்கலம் நோக்கிச் செல்கையில், என் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் கயிற்றால் கட்டியிருந்த பை மழையில் நனைந்தது. பை நனைந்த கதைக்குப் பத்திரிகையில் இடம் எதற்கு என்று அங்கத்தினர்கள் எண்ணக்கூடும். அந்தப் பைக்குள் இருந்தது, ஒரு நெசவாளர் சங்கத்தின் 63 அங்கத்தினர்கள் தங்கள் சேமிப்புத் தொகைக்காகக் கையொப்பமும் கைரேகையும் இட்டுக் கொடுத்த பட்டியல். தீபாவளிக்குப் பத்து நாட்களே இருந்தன. சத்தியமங்கலத்தில் பையைத் திறந்தபோது கையொப்பங்கள் மையாகக் கரைந்து ஓடியிருந்தன. கைரேகைகள் வெறும் நீலக் கறைகளாகியிருந்தன. மறுபடியும் 63 வீடுகளுக்கும் ஏறி இறங்கினேன். தறிக்குழியில் கால் வைத்திருந்தவர்கள் நெசவை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, முகம் சுளிக்காமல் மீண்டும் ஒப்பமிட்டனர். ஆயினும் பணம் அவர்கள் கைக்கு வந்தது தீபாவளி கழிந்த பிறகுதான்.

குற்றம் மழையினுடையதன்று, என்னுடையது. புரட்டாசி பிற்பகுதியிலிருந்து கார்த்திகை முடிய நம் பக்கத்தில் எந்த மாலையிலும் மழை வரும் என்பதைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். அதன் பிறகுதான் இந்தப் பை விஷயத்தைச் சற்று ஆழ்ந்து கவனிக்கலானேன். நாட்குறிப்பையும் ரசீதுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குச் செல்லும் சங்கச் செயலாளர், மாதிரித் துணியுடன் வியாபாரியைப் பார்க்கப் போகும் நெசவாளர், பட்டா நகலும் விதைப் பொட்டலமும் கொண்டு வரும் விவசாயி ஆகிய அனைவருக்கும் இது பயன்படக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

நம்மவர்களின் பொதுவான வழக்கம் மஞ்சள் பையை வண்டியின் கைப்பிடியில் மாட்டிக்கொள்வது. இதைப் போன்ற ஆபத்தான வழக்கம் வேறில்லை. பை ஆடும்போதெல்லாம் கைப்பிடியை ஒரு பக்கமாக இழுக்கும். அது நீளமானதாக இருந்தால் முன்சக்கரத்தின் கம்பிகளுக்குள் சிக்கவும் கூடும். பின்னால் கட்டுவது அவ்வளவு கெடுதலன்று. ஆனால் கட்டு தளர்ந்தாலும், பை திறந்துகொண்டாலும், நனைந்தாலும், ஓட்டுபவருக்குத் தெரியாது. எனக்கு நேர்ந்தது அதுவே. ஓட்டுபவருக்கு முன்னால் பெட்ரோல் டாங்க்கின் மேல் வைக்கும் பையோ எப்போதும் கண்பார்வையிலேயே இருக்கிறது. அதன் பாரமும் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே இறங்குவதால் வண்டியின் நிதானம் கெடுவதில்லை. கடைகளில் இதை ‘டேங்க் பேக்’ என்று கேட்டால் கொடுப்பார்கள்.

இந்தப் பை எல்லா வண்டிக்கும் ஏற்றதன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கூட்டரிலும், நம் பகுதியில் பாவும் நூல் மூட்டையும் சுமந்து திரியும் டி.வி.எஸ். மொபெட்டிலும் ஓட்டுபவருக்கு முன்னால் டாங்க் உயர்ந்து நிற்பதில்லை. அவற்றில் கால் வைக்கும் இடத்திலேயே சாமான் வைக்கலாம். அவ்வண்டிகளை வைத்திருப்போர் மழை பற்றிப் பின்னால் கூறுவதை மட்டும் படித்தால் போதும்.

பை வாங்கப் போகிறவர்கள் வண்டியில் ஏறியே கடைக்குப் போக வேண்டும். தாம் வழக்கமாக எடுத்துச் செல்லும் காகிதங்களையும் உடன் கொண்டு போக வேண்டும். பையை டாங்க்கின் மேல் வைத்து, உள்ளே காகிதங்களை நிரப்பிய பின், கைப்பிடியை இடது கோடி வரையிலும் வலது கோடி வரையிலும் திருப்பிப் பார்க்க வேண்டும். வெறும் பை இடிக்காது; நிரப்பிய பைதான் இடிக்கும். கைப்பிடிக்கும் பைக்கும் நடுவே விரல் நசுங்கினாலோ, ஹார்ன் பொத்தான் தானே அமுங்கினாலோ, அந்தப் பை எத்தனை அழகாயினும் வேண்டாம். நேர்ச்சாலையில் இந்தக் குறை தெரியாது. பண்ணாரியைக் கடந்து திம்பம் மலைச்சாலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலோ, ஆழியாறு கடந்து வால்பாறை போகும் 40 வளைவுகளிலோ, மெதுவாகச் சென்றுகொண்டு கைப்பிடியை முழுதும் திருப்ப நேரும்போதுதான் தெரியும். தெரியும் அந்த நேரத்தில் எதிரே லாரி வந்துகொண்டிருக்கும்.

உயரமும் கவனிக்கத்தக்கது. சில பைகளில் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தால் மேலும் நான்கு விரற்கடை உயரும். அப்படி உயர்த்தினால் வேகமானி மறையும். குனியும்போது மோவாய் இடிக்கும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றைப் பல்லடம், உடுமலைப் பக்கத்து அங்கத்தினர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை, காற்றாலைகளே சாட்சி. உயர்ந்த பை அக்காற்றில் பாய்மரம் போல நிற்கும். தட்டையான பையே நமக்கு ஏற்றது.

டாங்க்கில் பையைப் பொருத்தும் முறைகள் மூன்று. காந்தப் பை மிகச் சுலபமானது. வைத்தால் ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் வந்துவிடும். ஆனால் டாங்க் இரும்பாக இருந்தால்தான் ஒட்டும். 1955 முதல் சென்னையில் உருவாகி வந்த ராயல் என்ஃபீல்டு புல்லட் போன்ற வண்டிகளுக்குக் கவலையில்லை. இக்காலத்துப் புது வண்டிகள் சிலவற்றில் டாங்க்கின் மேல் பிளாஸ்டிக் மூடி போர்த்தியிருக்கிறார்கள். பார்வைக்கு இரும்பு போலவே இருக்கும். சாதாரண காந்தத் துண்டு ஒன்றை ஒட்டிப் பார்த்தால் உண்மை வெளியாகும். கோவை அங்கத்தினர்களுக்கு இதில் வேறொரு சங்கடமும் உண்டு. கணபதி, பீளமேடு வட்டாரங்களில் பவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் நிறைந்த தெருக்களில் பையைக் கழற்றித் தரையில் வைத்தால், காந்தம் இரும்புத் தூளையெல்லாம் வாரிக்கொள்ளும். மீண்டும் டாங்க்கில் வைத்ததும் வர்ணத்தை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். காந்தப் பட்டை உள்ள வங்கி அட்டைகளைக் காந்தத்தின் அருகே வைப்பது கூடாது. பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டவர்கள் இவ்வகைப் பையையே தவிர்ப்பது நலம்.

இரண்டாவது முறை, பெட்ரோல் மூடியைச் சுற்றியுள்ள திருகாணிகளோடு ஒரு வளையத்தைப் பொருத்தி, அதன்மேல் பையைச் சொடுக்கி மாட்டுவது. ஜெர்மனியின் எஸ்.டபிள்யூ.-மோடெக், இத்தாலியின் ஜீவி போன்றோர் இதில் பெயர் பெற்றவர்கள். வர்ணத்தில் பை படுவதே இல்லை. பெட்ரோல் போடுவதும் எளிது. ஆனால் அந்தந்த வண்டிக்கென்று வளையம் கிடைக்க வேண்டும், மூடியைச் சுற்றித் திருகாணி இல்லாத பழைய வண்டிகளுக்கு இது பொருந்தாது, விலையும் அதிகம்.

மூன்றாவது வார்ப்பட்டை முறை. முன்பட்டை ஒன்று கைப்பிடிக்குக் கீழே வண்டிச் சட்டத்தின் கழுத்தைச் சுற்றி வரும். பின்பட்டைகள் இருக்கையின் அடியில் செல்லும். டாங்க் இரும்பாயினும் பிளாஸ்டிக்காயினும் இது நிற்கும். பெட்ரோல் போடும்போது பின்பட்டைகளை அவிழ்த்துப் பையை முன்புறம் மடிக்க வேண்டிய தொல்லை உண்டு. முன்பட்டை, மின்கம்பிகளையும் கிளச், பிரேக் கேபிள்களையும் அழுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாதச் சம்பளக்காரனும் சிறு விவசாயியும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடியது இதுவே என்பது என் அபிப்பிராயம். பெங்களூரின் வையாடெர்ரா, மும்பைப் பகுதியின் ரைனாக்ஸ் முதலிய நம் நாட்டு நிறுவனங்களும் டாங்க் பைகள் செய்கின்றன. எனவே வெளிநாட்டுச் சரக்குதான் வேண்டும் என்ற நிலை இல்லை.

இனி துணியைப் பற்றி. இதில் கடைக்காரரைவிட நம் அங்கத்தினர்களுக்கே ஞானம் அதிகம். பையின் அட்டையில் 600 டெனியர், 1000 டெனியர் என்று அச்சிட்டிருப்பார்கள். பட்டு நெய்வோருக்கு டெனியர் புதிதன்று: 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையுள்ளதோ அத்தனை டெனியர். பருத்தி நூலின் நம்பரோ, ஒரு ராத்தலில் 840 கஜச் சிட்டம் எத்தனை என்பதைக் குறிப்பது. நம்பர் ஏற ஏற நூல் மெலியும். டெனியர் ஏற ஏற நூல் தடிக்கும். 5,315-ஐ டெனியரால் வகுத்தால் பருத்தி நம்பர் வந்துவிடும். ஆகவே 600 டெனியர் ஏறத்தாழ 9-ஆம் நம்பர் நூலின் கனம். 1000 டெனியர் 5-ஆம் நம்பரைவிடச் சற்றே மெல்லியது. கடைக்காரர் ‘ஆயிரம்’ என்று பெருமையாகச் சொல்லும்போது நெசவாளர் மனத்தில் இந்தக் கணக்கு ஓட வேண்டும்.

நூலின் கனம் மட்டும் போதாது, நெருக்கமும் வேண்டும். துணியை நகத்தால் நெருடிப் பார்த்தால், இழை விலகும் துணி எது, விலகாத துணி எது என்பது உடனே தெரியும். வார்ப்பட்டை பையோடு சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து நடுவே குறுக்குத் தையலும் போட்டிருக்க வேண்டும். ஒற்றைத் தையல் அறுந்துவிடும். உட்புறத்தில் பூசியிருக்கும் மெழுகு போன்ற பூச்சு இப்போதே உரிகிறதா என்று பார்க்கலாம். நாள் முழுதும் வெயிலில் வண்டியை நிறுத்துவோர் நைலானைவிடப் பாலியஸ்டரைத் தேர்ந்தெடுக்கலாம். வெயிலில் நைலான் விரைவாக நைந்துபோகும்.

கைத்தறிக் கித்தானில் நாமே தைத்துக்கொண்டால் என்ன என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். பவானி ஜமக்காளத்திலும் சென்னிமலைப் போர்வையிலும் நான் கொண்டிருக்கும் பிரியம் சிறிதன்று. ஆயினும் உண்மையைச் சொல்ல வேண்டும்: பருத்தி நீரைக் குடிக்கும். நெருக்கமாக நெய்த கித்தான் நனைந்ததும் ஊதிச் சிறு தூறலைத் தடுக்கும். ஒரு மணி நேர மழையில் கனத்து, உள்ளே ஈரத்தைக் கடத்திவிடும். மாதிரித் துணிகளைக் கோடையில் கொண்டு செல்லப் பருத்திப் பை போதும். காகிதத்திற்குப் போதாது.

மழை விஷயத்தில் விளம்பரச் சொற்களை அப்படியே நம்பலாகாது. ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்றால் தூறலைத் தாங்கும் என்றுதான் பொருள். ‘வாட்டர் புரூப்’ என்பதே நீர் புகாதது. அதிலும் துணி புகவிடாவிட்டாலும் ஜிப் புகவிடும். பையுடன் கொடுக்கும் மழை உறை, வேகமாகப் போனால் காற்றில் படபடத்துக் கழன்றுவிடுவதுண்டு. அதற்கு இழுத்துக் கட்டும் நாடா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலர் கவனிக்காத ஒன்று: டாங்க்கின் மேல் வழியும் மழைநீர் பின்பக்கத்துக்கு இறங்கி, இருக்கையைச் சேரும் பள்ளத்தில் தேங்கும். பையின் அடித்துணி அந்நீரில் ஊறும். மேலே உறை இருந்தும் கீழ்க் காகிதம் நனைவது இதனால்தான். ஆகையால் பை எதுவாயினும், காகிதத்தைக் கனமான பாலித்தீன் உறையில் இட்டு, வாயை மூன்று மடிப்பாகச் சுருட்டிக் கட்டி, அதன் பிறகே பைக்குள் வைக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு சில ரூபாய். அந்தச் சில ரூபாயை நான் செலவிட்டிருந்தால் 63 குடும்பங்களுக்கு உரிய காலத்தில் பணம் கிடைத்திருக்கும். அன்றுமுதல் கையொப்பங்களுக்கு எண்ணெய் மையுள்ள பால்பாயிண்ட் பேனாவையே கொடுக்கிறேன். நீர் பட்டால் அது அவ்வளவு எளிதில் கரைவதில்லை.

அளவைப் பொறுத்தவரை, கடையில் லிட்டர் கணக்கில் சொல்வார்கள். பால் சங்கத்து அங்கத்தினர்களுக்கு லிட்டர் புரியும். ஆனால் காகிதத்தை லிட்டரில் அளக்க முடியாது. ஏ4 தாளின் நீளம் 29.7 சென்டிமீட்டர், சிறு பைகள் பலவற்றில் அது மடங்கித்தான் நுழையும். நம் சங்கங்களின் நீளப் பேரேடு நான் பார்த்த எந்தப் பையிலும் படுக்கையாக அடங்கவில்லை. அது ஒருவகையில் நல்லதே. பேரேடு இருக்க வேண்டிய இடம் சங்க அலுவலகத்து அலமாரி.

கனமான பொருளையும் கூரிய பொருளையும் இந்தப் பையில் வைக்கவே கூடாது. திடீரென்று பிரேக் போட்டால் ஓட்டுபவரின் உடல் முன்னே சரிந்து பையின்மேல்தான் மோதும். ஒரு நெசவாள நண்பர் தன் பையில் நாடாவை வைத்திருந்ததைக் கண்டேன். அதன் இரும்பு முனை அவருடைய வயிற்றை நோக்கி இருந்தது. ஸ்பேனர், பூட்டு, நாடா முதலியவை பின்பெட்டிக்குப் போகட்டும். காகிதம், துணி, மழைக்கோட்டு ஆகியவை முன்னே இருக்கட்டும்.

பெட்ரோல் மூடியில் காற்றுப் போகும் சிறு துளை உண்டு. அடிப்பாகம் தடித்த பை அதை அடைத்துக்கொண்டால், சற்றுத் தூரம் ஓடியபின் பெட்ரோல் இறங்காமல் இயந்திரம் நிற்கக்கூடும். பழுது எதுவும் தெரியாமல் வண்டி நின்றால், மெக்கானிக்கைத் தேடுமுன் பையைத் தூக்கி மூடியைத் திறந்து பார்க்கலாம். தினமும் பையை வைக்குமுன் டாங்க்கை ஈரத் துணியால் துடைப்பதும் அவசியம்; நம் செம்மண் தூசி பைக்கு அடியில் இருந்தால் ஒரே மாதத்தில் வர்ணம் போய்விடும்.

நான் வாங்கியது வார்ப்பட்டைப் பை; 600 டெனியர். அதை எடுத்துக்கொண்டு அதே சங்கத்திற்குச் சென்ற அன்று, மூத்த நெசவாளர் ஒருவர் தறியை விட்டு வெளியே வந்து, வண்டியைச் சுற்றி நடந்து, பையின் துணியை நகத்தால் இரண்டு முறை நெருடினார். “ஊடு நூலு நெருக்கம் பத்தாதுங்க. மேல உறை போடாம கொண்டு போயிராதீங்க” என்றார். உறையை மாட்டி நாடாவை இழுத்துக் கட்டிவிட்டுப் புறப்பட்டேன். சத்தியமங்கலம் வருமுன் தூறல் பிடித்தது.