உறைந்த நடைக்கு ஒளிக்கோடு

பார்க்கின்சன் நோய் முற்றியவருள் பலரிடம் விந்தையானதொரு குறை காணப்படுகிறது. நடந்துகொண்டிருப்பவர் கதவு நிலையருகிலோ, திரும்பும் இடத்திலோ திடீரென நின்றுவிடுகிறார். உடல் முன்னே செல்ல முனைகிறது. பாதங்களோ தரையோடு ஒட்டிக்கொண்டாற்போல் எழ மறுக்கின்றன. மருத்துவர் இதனை 'நடை உறைவு' என்பர். இந்நோயாளர் கீழே விழுந்து எலும்பு முறிவுக்கு ஆளாவதற்கு இது முக்கியக் காரணமாகும். ஆயினும் அதே மனிதர் படிக்கட்டில் தயக்கமின்றி ஏறிவிடுவதுண்டு! வேண்டுமென்றே அடம்பிடிக்கிறார் என்று வீட்டார் சலித்துக்கொள்வதும் இதனால்தான்.

இவ்விந்தைக்கு விளக்கம் மூளையில் உள்ளது. பழகிய செயல்களை எண்ணிப் பாராமலே செய்ய நமக்கு உதவுபவை மூளையின் ஆழத்திலுள்ள சில நரம்பணுத் திரள்கள். அவற்றுக்கு வேண்டிய டோபமின் என்னும் வேதிப்பொருளை அளிக்கும் அணுக்கள் இந்நோயில் மடிகின்றன. அடியின் நீளம் தானாக அமைவது கெடுகிறது. அடிகள் குறுகிக்கொண்டே சென்று நடை தடைப்படுகிறது. காலின் வலுவின்மை இதற்குக் காரணமன்று. கண்ணெதிரே தாண்டவேண்டிய குறியொன்று இருப்பின், பார்வையின் துணையோடு இயக்கத்தை நடத்தும் வேறு நரம்புப் பாதைகள் அப்பணியை ஏற்றுக்கொள்வதாகக் கருதப்படுகிறது. படிக்கட்டின் ஒவ்வொரு படியும் அத்தகைய குறியே.

ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை விவரித்தது 1817-இல். தரையில் இட்ட கோடுகள் நடையைச் சீராக்குவதை பிரிட்டிஷ் நரம்பியலார் பர்டன் மார்ட்டின் 1967-இல் எடுத்துக்காட்டினார். நடக்கும் திசைக்குக் குறுக்காக, தரையின் நிறத்திலிருந்து வேறுபட்டுத் தெரியும் கோடுகளே பயன் தருவன. நீளவாக்கில் இட்ட கோட்டினால் அத்தகைய பயன் இல்லை.

செல்லுமிடமெல்லாம் கோடு வரைய இயலுமா? கோட்டை நோயாளியே உடன் எடுத்துச் செல்லும் வழி தேடப்பட்டது. தாமே இந்நோய்க்கு ஆளான தாமஸ் ரீஸ் என்னும் அமெரிக்கப் பாத மருத்துவர், 1990-களில் கண்ணாடி வழியே குறிகளைத் தோற்றுவிக்கும் முயற்சியில் ஈடுபட்டார். குறுக்குக் கோடு வீசும் லேசர் ஊன்றுகோல்களும் வந்தன. இவற்றினும் நுட்பமானது நெதர்லாந்தில் உருவான லேசர் காலணி. ஒரு பாதம் தரையில் ஊன்றியதும் அதன் காலணியிலிருந்து எதிரே ஒளிக்கோடு விழுகிறது. மறுகால் அதனைத் தாண்டுகிறது. ஊன்றிய கால் எழுந்ததும் கோடு மறைகிறது. 19 நோயாளரைக் கொண்டு நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், மருந்தின் விளைவு தணிந்த வேளையில் உறைவுகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆய்வுக்கூடத்தில் கிடைத்த பலன் இது. தெருவின் நெரிசலில் அவ்வாறே கிடைக்கும் என்று கொள்வதற்கில்லை. கடும் வெயிலில் ஒளிக்கோடு மங்கும். பார்வையோ நினைவாற்றலோ குன்றியவர் அதனைப் பின்பற்றுவது கடினம்.

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்துள்ள 21 வகைக் குறைபாடுகளுள் பார்க்கின்சன் நோயும் ஒன்று. துணைக்கருவி என்றதும் ஊன்றுகோலும் நடைச்சட்டமுமே அலுவலர் நினைவுக்கு வருகின்றன. இங்கு எச்சரிக்கை தேவை. தூக்கித் தூக்கி வைக்கவேண்டிய, சக்கரமில்லாத நடைச்சட்டம் உறைவை மிகுவிக்கக்கூடும் என்பது 2003-இல் வெளியான ஆய்வொன்றில் தெரியவந்தது. நல்லெண்ணத்தோடு வழங்கிய கருவியே இடையூறாகலாம்.

எவருக்குக் கோடு உதவும் என்று அறிய விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. நடைக்கூடத்தில் ஓரடி தொலைவுக்கு ஒன்றாக, பளிச்சென்ற நிறமுள்ள ஒட்டுநாடாக்களைக் குறுக்கே ஒட்டி, பிசியோதெரபி வல்லுநர் அருகிருக்க, மருந்தின் விளைவு உள்ள வேளையிலும் தணிந்த வேளையிலும் நடக்கச் செய்து பார்த்தல் போதும். தடையின்றித் தாண்டுபவருக்கு ஒளிக்கருவியைப் பரிந்துரைக்கலாம். கோட்டின் முன்னும் நின்றுவிடுபவருக்கு, அத்தொகையைக் கழிப்பறைக் கைப்பிடிகளுக்கும் நடைப்பயிற்சிக்கும் செலவிடுவதே தக்கது.