முட்டை லாரியும் ஜேஇஇ தேர்வும்

"பையன் 98 வாங்கியிருக்கானுங்க. ஐஐடி கெடச்சிருமுங்களா?"

பிப்ரவரியில் ஜேஇஇ மெயின் முதல் கட்ட முடிவு வந்த கையோடு ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர் பக்கமெல்லாம் இந்தக் கேள்வி காதில் விழும். கேட்பவர் கோழிப்பண்ணை வைத்திருப்பார், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய்ச் சம்பாதித்திருப்பார், சவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுவார். பிள்ளையின் படிப்புக்கென்று லட்சக்கணக்கில் கட்டியிருப்பார். ஆனால் அந்தத் தேர்வு என்ன, எப்படி ஆளைப் பிரிக்கிறது என்று உட்கார வைத்து ஒருவரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பணம் வாங்கியவர்களாவது சொல்லியிருக்க வேண்டும். சரி, டீ சொல்லியாச்சு. ஆற அமரப் பேசுவோம்.

அந்த 98, நூற்றுக்கு எடுத்த மார்க் இல்லைங்கண்ணா. மெயின் தேர்வுக்கு மொத்தம் 300 மார்க். ஆனால் அது ஒரே நாளில், ஒரே வினாத்தாளில் நடப்பதில்லை. பல நாட்கள், காலையில் ஒரு ஷிப்ட், மதியம் ஒரு ஷிப்ட், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வினாத்தாள். ஒன்று லேசாக வந்துவிடும், இன்னொன்று பிழிந்து எடுத்துவிடும். மார்க்கை நேருக்கு நேர் வைத்துப் பார்த்தால் அநியாயம். அதனால் தேசியத் தேர்வு முகமை வேறு விதமாகக் கணக்குப் போடுகிறது. உங்கள் பையன் எழுதிய ஷிப்ட்டில் 1,20,000 பேர் எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் அவன் மார்க்கையோ அதற்குக் குறைவாகவோ எடுத்தவர்கள், அவனையும் சேர்த்து, 1,17,600 பேர் என்றால் அவனுக்கு 98 பர்சன்டைல். கடினமான ஷிப்ட்டில் பாதி மார்க்கை ஒட்டி எடுத்தவரும் 98-ஐத் தொடுவதுண்டு. தனக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

எத்தனை பேர்? 2025-ல் ஜனவரி, ஏப்ரல் இரண்டு கட்டத்திலும் சேர்த்து சுமார் 14.75 லட்சம் பேர் எழுதினார்கள். 98 என்றால் இரண்டு சதவீதம் பேர் முன்னால் நிற்கிறார்கள், அதாவது ஏறக்குறைய 29,500 பேர். 99 என்றால் 14,750 பேர். 98-க்கும் 99-க்கும் நடுவே உள்ள அந்த ஒரு புள்ளிக்குள் மட்டும் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். தசமப் புள்ளிக்குப் பிறகு ஏழு இலக்கம் போட்டு முடிவைக் கொடுப்பது இதனால்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை 98.9, நம் பிள்ளை 98.1, "ரெண்டும் ஒண்ணுதானே" என்று நினைத்துவிடக் கூடாது.

இனி ஐஐடி. மெயின் ரேங்க்கை வைத்து ஐஐடியில் ஒரு சீட்டும் கொடுப்பதில்லை. மெயினில் முன்னணியில் வரும் இரண்டரை லட்சம் பேருக்கு அட்வான்ஸ்டு என்ற இரண்டாவது தேர்வை எழுத அனுமதி கிடைக்கும், அவ்வளவுதான். 2025-ல் அந்த அனுமதிக்குப் பொதுப் பட்டியலில் 93.10, ஓபிசி பிரிவில் 79.43 வேண்டியிருந்தது. 98 வைத்திருப்பவருக்கு அந்தக் கதவு திறந்தாயிற்று. உள்ளே போனால் மூன்று மூன்று மணி நேரமாக இரண்டு தாள், ஒரே நாளில். அந்த வருடம் 1.80 லட்சம் பேர் எழுதி 54,378 பேர் தேறினார்கள். 23 ஐஐடிகளிலும் சேர்த்து இருந்த இடங்கள் சுமார் 18 ஆயிரம். தேறியவர்களிலேயே மூன்றில் ஒருவருக்குத்தான் இடம். மெயின் தேர்வைத் தமிழிலும் எழுதலாம், 2021-லிருந்து அந்த வசதி இருக்கிறது. அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை பதினொன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலக் கலைச்சொற்களையும் பக்கத்தில் எழுதிப் பழகிவிட வேண்டும். இந்த மொழித் தடை நியாயமில்லை என்பது என் எண்ணம். ஆனால் அது மாறும் வரை பிள்ளையைக் காத்திருக்கச் சொல்ல முடியாது.

மெயின் ரேங்க் நேரடியாகப் பயன்படுவது என்ஐடி, ஐஐஐடி போன்ற இடங்களுக்கு. நமக்குப் பக்கத்தில் திருச்சி என்ஐடி இருக்கிறது. 1964-ல் மண்டலப் பொறியியல் கல்லூரியாக ஆரம்பித்தது. பெரியவர்கள் இன்றும் 'ஆர்இசி' என்றே சொல்வார்கள். அங்கே பாதி இடம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு.

இந்த 'தமிழ்நாட்டுப் பிள்ளை' யார் என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது, பல குடும்பங்கள் தெரியாமல் மாட்டிக்கொள்கின்றன. ஆதார் அட்டையையோ பிறந்த ஊரையோ பார்த்து அதை முடிவு செய்வதில்லை. பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலத்தில் முடித்தார் என்பதுதான் கணக்கு. "அங்க கோச்சிங் நல்லா இருக்கும்" என்று விஜயவாடாவுக்கோ ஐதராபாத்துக்கோ அனுப்பி, அங்கேயே இன்டர்மீடியட் முடித்துவிட்டால், திருச்சியில் உங்கள் பிள்ளை வெளிமாநிலத்தவர். நாமக்கல்லில் பிறந்து வளர்ந்திருந்தாலும் அப்படித்தான். ஊரை விட்டு அனுப்புவதற்கு முன்னால் இதை யோசித்துவிடுங்கள்.

சரி, தேர்வு அப்படி என்னதான் கேட்கிறது? ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். நானே அமைத்ததுதான், ஆனால் மெயின் தேர்வின் தினுசு இதுதான்.

நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றிய லாரி மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. லாரித் தளத்தில் 15 கிலோ எடையுள்ள ஒரு பெட்டி, கயிறு போடாமல் வைத்திருக்கிறது. பெட்டிக்கும் தளத்துக்கும் இடையிலான ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5. புவியீர்ப்பு முடுக்கம் 10. பெட்டி நழுவாமல் லாரியை நிறுத்தக் குறைந்தபட்சம் எத்தனை மீட்டர் தூரம் வேண்டும்?

இந்த வகைக் கேள்விக்கு நான்கு விடை கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டார்கள். காலிக் கட்டத்தில் எண்ணை அடிக்க வேண்டும். முதலில் 72-ஐ நொடிக்கணக்குக்கு மாற்றினால் வினாடிக்கு 20 மீட்டர். டிரைவர் பிரேக் போடுகிறார், லாரியை ரோடு பிடித்து நிறுத்துகிறது. பெட்டியை எது நிறுத்துகிறது? அதன் அடியில் இருக்கும் உராய்வு மட்டும்தான். இந்த இடத்தில் ஒரு நிமிடம் யோசிக்கும் பிள்ளைக்குக் கணக்கு முடிந்த மாதிரி. உராய்வு தரக்கூடிய உச்சபட்ச எதிர்முடுக்கம் 0.5 பெருக்கல் 10, அதாவது 5. வேகத்தின் வர்க்கம் 400. அதை 5-ன் இரு மடங்கான 10-ஆல் வகுத்தால் 40 மீட்டர். விடை 40.

அந்த 15 கிலோ? அது தேவையே இல்லை. எடை கூடினால் உராய்வும் கூடும், நிறுத்துவதற்கு வேண்டிய விசையும் அதே அளவு கூடும், இரண்டும் அடிபட்டுப் போகும். எடையைப் பார்த்ததும் அதை எங்கேயாவது நுழைத்துவிட வேண்டும் என்று தவிக்கும் பிள்ளை இங்கேதான் வழுக்கும். இன்னொன்றும் பாருங்கள், வேகத்தை 36 ஆகக் குறைத்தால் தூரம் 20 ஆகாது, 10 ஆகிவிடும். வேகம் பாதியானால் தூரம் கால்வாசி. முப்பது வருடம் லாரி ஓட்டிய அப்பாவின் காலுக்கு இது தெரியும்.

இதில் இரண்டு பாடம் கலந்திருக்கிறது. ஒன்று இயக்கவியல், மற்றொன்று இயக்க விதிகள். இரண்டும் நம் தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் முதல் தொகுதியில் அடுத்தடுத்து இருக்கும் பாடங்கள். நான் சொல்ல வந்த விஷயமே இங்கேதான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு 1984-ல் வந்தது. 2007-08 சேர்க்கையிலிருந்து அது இல்லை, பிளஸ் டூ மார்க் மட்டும் போதும் என்று ஆனது. கணக்கு நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது, ஆக 200-க்குக் கட்-ஆஃப். கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய வாசலைத் திறந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிளஸ் டூ மார்க்கை அள்ளித் தருவதில் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு உறைவிடப் பள்ளிகள் நாடறிந்த பெயர் எடுத்தன. ராமநாதபுரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பெட்டி படுக்கையோடு பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். அந்த உழைப்பைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. பல பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பில் நுழைந்த அன்றே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒரே பாடத்தை இரண்டு வருடம் திருப்பித் திருப்பி எழுதிப் பார்க்க வேண்டியதுதான். பதினொன்றாம் வகுப்புப் பாடம் அப்படியே கிடக்கும். 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2025-26 முதல் அந்தப் பொதுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளின் சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் பழைய பழக்கம் திரும்பி வருமோ என்ற கவலை எனக்கு இருக்கிறது.

ஏனென்றால் ஜேஇஇ இரண்டு வருடப் பாடத்தையும் கேட்கிறது. விசையியல், வெப்பவியல், வேதிப் பிணைப்பு, கரிம வேதியியலின் அடிப்படை, முக்கோணவியல் எல்லாம் பதினொன்றில்தான். அதைத் தாண்டிக் குதித்த பிள்ளைக்கு எத்தனை லட்சம் கட்டிக் கோச்சிங் வைத்தாலும் அடித்தளம் ஆடும். பள்ளி பார்க்கப் போகும்போது கட்டடத்தையும் பிளெக்ஸ் போர்டில் இருக்கும் முகங்களையும் பார்க்காதீர்கள். அங்கே படிக்கும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்ப எந்தப் புத்தகம் கண்ணு நடக்குது?" என்று கேளுங்கள். ஆறாம் வகுப்பிலேயே ஐஐடி ஃபவுண்டேஷன் என்று தனிக் கட்டணம் கேட்டால், அந்தக் காசைச் சேர்த்து வைக்கலாம் என்பேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னமும் விகிதமும் பிசகில்லாமல் வந்தால் போதும்.

மைனஸ் மார்க்கைப் பற்றி வீட்டில் ரொம்பவும் பயப்படுகிறார்கள். மெயினில் 75 கேள்வி, மூன்று மணி நேரம், ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. சரிக்கு நான்கு, தப்புக்கு ஒன்று கழியும். நான்கு விடைகளில் ஒன்று சரி என்னும்போது, கண்ணை மூடிக்கொண்டு 20 கேள்விக்கு அடித்தால் சராசரியாக 5 சரியாகி 20 மார்க் வரும், 15 தப்பாகி 15 போகும். மிச்சம் ஐந்துதான், அதுவும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஆனால் இரண்டு விடை நிச்சயம் தப்பு என்று தெரிந்தால் தாராளமாக அடிக்கலாம். எண்ணை அடிக்கும் கேள்வியில் ஊகத்துக்கு வேலையே இல்லை.

இனிக் காகித வேலை. கையில் இருக்கும் மாநில பிசி, எம்பிசி சான்றிதழ் இங்கே செல்லாது. மத்திய அரசின் ஓபிசிப் பட்டியலில் உங்கள் சாதி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் அதில் இருக்காது. இருந்தால், மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி என்சிஎல், அதாவது வசதி படைத்த பிரிவில் வராதவர் என்ற சான்றிதழ், அந்த ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். வருமான வரம்பு எட்டு லட்சம். அதில் சம்பளத்தையும் விவசாய நில வருமானத்தையும் சேர்க்கக் கூடாது என்பது விதி. பெற்றோர் வகிக்கும் பதவிக்கும் நிலத்தின் அளவுக்கும் தனி வரம்புகள் உண்டு. லாரி, ரிக் வருமானம் கணக்கில் வரும். விவசாயிகள் பலர் இது தெரியாமல், "நமக்குக் கெடைக்காதுங்க" என்று விண்ணப்பிக்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

செலவைப் பார்த்தும் பின்வாங்க வேண்டாம். ஐஐடியில் படிப்புக் கட்டணம் வருடத்துக்கு இரண்டு லட்சம். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு அது முழுதும் தள்ளுபடி. குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருந்தால் எல்லோருக்குமே முழுத் தள்ளுபடி, ஐந்து லட்சத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து இத்தகைய நிறுவனங்களில் சேருவோரின் செலவைத் தமிழ்நாடு அரசே ஏற்கும் என்று 2022-23 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். 2025-ல் நம் சேலம் மாவட்டத்துக் கருமந்துறை மலையிலிருந்து, அரசுப் பழங்குடியினர் உறைவிடப் பள்ளியில் படித்த ஒரு மாணவி சென்னை ஐஐடிக்குப் போனார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

உங்கள் பையன் விஷயத்துக்கு வருவோம். ஏப்ரல் கட்டத்தையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டில் எது நன்றாக இருக்கிறதோ அதுதான் ரேங்க்குக்குப் போகும், குறைந்தாலும் நஷ்டமில்லை. ஆனால் நடுவில் பிளஸ் டூ பொதுத் தேர்வு இருக்கிறது, அதைக் கைவிட்டுவிடக் கூடாது. ஐஐடி, என்ஐடியில் சேரவே பிளஸ் டூவில் 75 சதவீதம் வேண்டும், எஸ்சி, எஸ்டி என்றால் 65. அல்லது அந்த போர்டில் முதல் 20 பர்சன்டைலுக்குள் வர வேண்டும். அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கும் சேலம் அரசுப் பொறியியல் கல்லூரிக்கும் ஜேஇஇ எதுவும் கேட்பதில்லை, பிளஸ் டூ கட்-ஆஃப் மட்டும்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரியில் நல்ல பிரிவு கிடைத்தால், தூரத்தில் எங்கோ ஒரு புதிய கல்லூரியில் பிடிக்காத பிரிவில் உட்காருவதைவிட அதுவே மேல் என்று நான் நினைக்கிறேன். அதனால் மே மாதம் அந்த விண்ணப்பத்தையும் போட்டுவிடுங்கள்.

ஐஐடி, என்ஐடி இடங்களை ஒதுக்கும் ஜோசா கலந்தாய்வுக்கு ஜூனில் விருப்பப் பட்டியல் கொடுக்கும்போது, கிடைக்குமா கிடைக்காதா என்று பார்க்காமல் பிடித்ததை மேலேயும் அடுத்ததைக் கீழேயும் போடச் சொல்லுங்கள். மேலே கிடைக்காத ஒன்றைப் போட்டதால் கீழே கிடைக்க வேண்டியது கை நழுவாது. முதல் சுற்றில் ஒன்று வந்து, இன்னும் நல்லது வேண்டும் என்றால் 'ப்ளோட்'. அதே கல்லூரியில் வேறு பிரிவு மட்டும் வேண்டும் என்றால் 'ஸ்லைடு'. இதுவே போதும் என்றால் 'ப்ரீஸ்'. எதைக் கொடுத்தாலும் சேர்க்கைக் கட்டணத்தைக் குறித்த தேதிக்குள் கட்டிவிட வேண்டும். கட்டத் தவறினால் கையில் வந்த இடமும் போய்விடும்.