கட்டடங்களில் பட்டு வரும் சமிக்ஞை: ஜிபிஎஸ் இடம் மாறிக் காட்டுவது ஏன்?

புதுதில்லி: உயர்ந்த கட்டடங்களுக்கு இடையே செல்லும் வாகனத்தைக் கைப்பேசி வரைபடம் அடுத்த தெருவில் காட்டுவதற்கு, செயற்கைக்கோள் சமிக்ஞைகள் சுவர்களில் பட்டுப் பிரதிபலித்து வருவது முக்கியக் காரணமாகும். 'பல்வழிப் பிழை' எனப்படும் இச்சிக்கல், நில அளவையில் எல்லைக் கோட்டின் துல்லியத்தையும் பாதிக்கக் கூடியது.

ஜிபிஎஸ், இந்தியாவின் நாவிக் ஆகிய அமைப்புகளில், சமிக்ஞை வந்து சேரும் நேரத்தைக் கொண்டே தொலைவு கணக்கிடப்படுகிறது. ரேடியோ அலைகள் நொடிக்குச் சுமார் 3 லட்சம் கி.மீ. வேகத்தில் பயணிப்பதால், நொடியின் 10 கோடியில் ஒரு பங்கு தாமதமும் 3 மீட்டர் பிழையாகிவிடும்.

வளிமண்டலத்தால் நேரும் பிழையை, அருகிலுள்ள குறிப்பு நிலையத்தின் தரவைக் கொண்டு பெருமளவு நீக்கலாம். பிரதிபலிப்புப் பிழையோ இடத்துக்கு இடம் மாறுபடுவதால் அவ்வாறு நீங்குவதில்லை. குறிப்பு நிலையத்திலேயே இப்பிழை இருந்தால், அதைச் சார்ந்த அளவீடுகளுக்கும் அது பரவும்.

கிராமக் குடியிருப்புகளை ட்ரோன் மூலம் அளந்து சொத்து அட்டை வழங்கும் சுவாமித்வா திட்டம் 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்டது. சில சென்டிமீட்டர் துல்லியம் தேவைப்படும் இப்பணிக்கு, இந்திய நில அளவைத் துறை நிறுவியுள்ள தொடர் குறிப்பு நிலையங்கள் துணைபுரிகின்றன.

தீர்வுகள் என்ன?

இத்தகைய நிலையங்களைத் திறந்த வெளியில் அமைப்பதே முதல் தீர்வு. ஆன்டெனாவைச் சுற்றி அமைக்கப்படும் உலோக வளையங்கள், தரையிலிருந்து எழும் பிரதிபலிப்புகளைத் தடுக்கின்றன. தொடுவானத்தை ஒட்டிய செயற்கைக்கோள்களின் தரவு பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது.

அடுத்தது சமிக்ஞையின் வடிவம். நவீன ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் 'எல்5' அலைவரிசையிலுள்ள குறியீடு, பழைய பொதுப் பயன்பாட்டுக் குறியீட்டைவிட 10 மடங்கு வேகமானது. இதனால் நேரடி அலையையும் தாமதமாக வரும் அலையையும் பிரித்தறிவது எளிதாகிறது. நாவிக் அமைப்பும் 'எல்5' அலைவரிசையைப் பயன்படுத்துகிறது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால், நீண்ட நேரம் அளவிட்டால் பிழை ஓரளவு சராசரியாகிக் குறையும். புவிநிலைச் செயற்கைக்கோள்கள் வானில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பதால், அவற்றின் பிரதிபலிப்பு எளிதில் மாறுவதில்லை. ஆகவே நாவிக் பயன்பாட்டில் ஆன்டெனா அமைவிடத் தேர்வு கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

கைப்பேசியில் இருப்பிடத்தைப் பகிர்வோர், சுவர்கள், தகரக் கூரைகளிலிருந்து விலகித் திறந்த வெளியில் சற்று நேரம் நின்றபின் பகிர்ந்தால் பிழை குறைய வாய்ப்புள்ளது.