ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு போத்து

எங்கள் குஜிலியம்பாறைப் பக்கம் முருங்கையைப் போத்து வெட்டி நடுவோம்; தாய்மரமே மறுபடி வளரும். காயை மட்டும் பறித்து வைத்தால் மரம் வருமா? ஹார்டு டிஸ்க் கதையும் இதேதான்.

பைல்களை மட்டும் காப்பி செய்த டிஸ்க்கில் கம்ப்யூட்டர் பூட் ஆகாது. பழைய எம்.பி.ஆர். முறையில் பூட் நிரலின் தொடக்கமும் பார்ட்டிஷன் அட்டவணையும் முதல் செக்டாரின் 512 பைட்டுக்குள் இருக்கின்றன. யு.இ.எப்.ஐ. முறையில் பூட் பைல்களுக்குத் தனிப் பார்ட்டிஷன். சாதாரண காப்பியில் இவை வராது, குளோனில் வரும்.

2011 முதல் தமிழக அரசு வழங்கிய லேப்டாப்களில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இரண்டையும் குளோன் ஒரே மூச்சில் எடுத்துவிடும். தைவானில் உருவான குளோன்ஜில்லா இதற்கு இலவசமாகவே கிடைக்கிறது.

1. குளோன்ஜில்லாவைப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்யுங்கள்.

2. புது டிஸ்க்கின் கொள்ளளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கட்டும்.

3. எது மூலம், எது இலக்கு என்று மாடல், சீரியல் எண் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மாறினால் எல்லாம் அழிஞ்சு போகும்!

4. முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, புதியதில் பூட் ஆகுதான்னு பாருங்க. இரண்டுக்கும் ஒரே அடையாள எண் என்பதால் சேர்ந்திருந்தால் குழப்பம் வரும்.

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். லேப்டாப் கடன் இன்னும் தீரவில்லை. புராஜெக்ட் நேரத்தில் டிஸ்க் போனால் ஒரு செமஸ்டரே போச்சு. அதனால் மாதம் ஒரு குளோன் எடுத்து, அதை லேப்டாப் பையில் வைக்காமல் வீட்டு டிரங்குப் பெட்டியில் வைக்கிறேன். நீங்களும் இன்றே ஒரு போத்து நடுங்கள்!