மார்கழிச் சென்னையில் இரண்டு நாள்

சென்னைக்குப் போய்வந்த நம் மாணவ நண்பர்களைக் கேட்டால் மெரினாக் கடற்கரை, வண்டலூர் உயிரியல் பூங்கா, மெட்ரோ ரயில் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். அதே நகரில் டிசம்பர் மாதம் முழுவதும் பல அரங்குகளில் காலை தொடங்கி இரவு வரை பாட்டு நடக்கிறது என்பதையும், பகல் கச்சேரிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணமே இல்லை என்பதையும் சொல்வார் அரிது. சென்ற டிசம்பரில் ஒரு சனியும் ஞாயிறும் அவ்வரங்குகளில் சிலவற்றைச் சுற்றி வந்தேன். ஜலகண்டாபுரத்தில் தறிச் சத்தத்துக்கும் கோவில் நாகசுரத்துக்கும் விடிய விடிய நடக்கும் கூத்துக்கும் பழகிய காதுக்கு அங்கே என்ன புரிந்தது, என்ன புரியவில்லை என்பதே இக்கட்டுரை.

முதலில், ஏன் டிசம்பர்? இதற்கும் மார்கழி பஜனைக்கும் ஓரளவு தொடர்பு உண்டு என்றாலும், நேரான காரணம் அரசியல். 1927 டிசம்பரில் காங்கிரஸ் மகாசபை சென்னையில் கூடிற்று. அதையொட்டி அகில இந்திய இசை மாநாடு ஒன்று நடந்தது. அதன் பயனாக 1928-இல் சென்னை மியூசிக் அகாதெமி தோன்றியது. அக்காலத்தில் நீதிமன்றங்களும் அலுவலகங்களும் கிறிஸ்துமஸை ஒட்டி விடுமுறை விடும்; வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும்தாம் பாட்டுக் கேட்க வருபவர்கள். ஆகவே டிசம்பர் மாதம் வசதியாக நிலைத்துவிட்டது. ஆனால் சபை என்னும் அமைப்பு அதற்கும் மூத்தது. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபை 1900-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. அரசரும் ஜமீன்தாரும் கோவிலும் புரந்து வந்த இசையை, நகரத்து நடுத்தர மக்கள் சந்தா கட்டித் தாமே நடத்திக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்த ஏற்பாடு அது. 2017-இல் யுனெஸ்கோ நிறுவனம் சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்களுள் ஒன்றாகச் சேர்த்ததற்கும் இந்தச் சபைகளே முக்கியக் காரணம் எனலாம்.

சபைகளில் நேரம் என்பது ஒரு ஏணி. நண்பகல் மேடை இளைஞர்க்கு. பிற்பகல் சற்றே பெயர் பெற்றவர்க்கு. மாலை ஆறு மணிக்கு மேல் மூத்த வித்துவான்களுக்கு. பகல் மேடையிலிருந்து மாலை மேடைக்கு ஏறப் பலருக்குப் பத்து, பதினைந்து ஆண்டுகள்கூட ஆகின்றனவாம். சிலர் ஏறுவதே இல்லை. சனிக்கிழமை நண்பகல் மயிலாப்பூரில் ஒரு சிறு அரங்கில் நுழைந்தபோது, என் வயதே இருக்கக்கூடிய பெண்ணொருத்தி பாடிக்கொண்டிருந்தாள். எண்ணிப் பார்த்தேன்: மேடையில் நால்வர், கீழே பதினேழு பேர். அவர்களிலும் இருவர் உறங்கிக்கொண்டிருந்தனர். அவளோ முன்னால் ஆயிரம் பேர் இருப்பதாக எண்ணியே பாடினாள்.

எனக்கு ராகம் தெரியாது. பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் என் விழிப்பைக் கண்டு, "எந்த ஊர் தம்பி?" என்றார்.

"சேலத்துப் பக்கம் ஜலகண்டாபுரமுங்க."

"ராகத்தைப் பத்திக் கவலைப்படாதீங்கோ. தொடையிலே தாளம் போட்டுண்டே கேளுங்கோ. கால் மணியிலே எல்லாம் தானா வரும்."

வந்தது! மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது, கோர்வை முடிந்து சரியான இடத்தில் கை விழுந்ததும் எனக்கே வியப்பாக இருந்தது. குழித்தறியில் மிதியும் நாடாவும் தவறாமல் சேரும் கணக்கைப் பிறந்தது முதல் கேட்டவனுக்கு இது அயல் சங்கதி அன்று என்று தோன்றிற்று. கச்சேரியின் கட்டுமானத்தையும் அப்பெரியவரே விளக்கினார். முதலில் வர்ணம், பின் சிறு கீர்த்தனைகள், நடுவில் விரிவான ஆலாபனையும் நிரவலும் ஸ்வரமும் கொண்ட பெரிய உருப்படி, அதன் வாலில் தனி ஆவர்த்தனம், நேரமிருந்தால் ராகம் தானம் பல்லவி, கடைசியில் துக்கடாக்கள். இந்த வரிசையை நிலைநாட்டியவர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967). வயலினோ மேல்நாட்டுக் கருவி. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் அதைக் கற்று நம் இசைக்கு இசைவித்தார். இன்று அது இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்ப்பதே கடினம்.

மேல்நாடுகளில் ஒரு பெருநகரின் இசையைத் தேடுபவன் மதுக்கூடங்களுக்குப் போவான். வாத்தியக் குழுக்கள் அங்கேதான் வாசிக்கும். சென்னையிலோ பாட்டுக்குத் துணை காபி! சபைக் காண்டீனின் புகழ் சில பாடகர் புகழைவிடப் பெரிது. கீரை வடைக்காகவும் அசோகாவுக்காகவும் மட்டுமே வந்து, அரங்குக்குள் எட்டியும் பாராமல் திரும்புவோரை நானே கண்டேன். இலை போட்டுச் சாப்பாடும் உண்டு. விலைதான் நம் விடுதி மாணவர்க்கு ஒத்துவராது.

சென்னையில் மேல்நாட்டுப் பாணி வாத்தியக் குழுக்கள் இல்லாமல் இல்லை. பெரிய ஓட்டல்களின் மதுக்கூடங்களில் வார இறுதிகளில் வாசிக்கிறார்கள். தனி மதுக்கூடங்கள் பெருகாமல் அவை ஓட்டல்களையே சார்ந்து நிற்பதற்கு நம் மாநிலத்து உரிம விதிகளே காரணம். தங்கும் அறைகள் கொண்ட ஓட்டல்களுக்கும் உறுப்பினர் மன்றங்களுக்குமே அத்தகைய உரிமம் கிடைக்கும். அரசின் டாஸ்மாக் கடைகளை ஒட்டிய கூடங்கள் வேறு வகை. அங்கே வாத்தியத்துக்கு வேலையில்லை. இந்த வரலாற்றில் நம் மாவட்டத்துக்கு முதலிடம் உண்டு. இராஜாஜியின் அமைச்சரவை 1937 அக்டோபர் 1-ஆம் நாள் மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். 1948-இல் மாகாணம் முழுதும் பரவிய அச்சட்டம் 1971-இல் தளர்ந்தது, மீண்டும் இறுகியது, மீண்டும் தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்தது. மது அருந்த 21 வயது நிரம்ப வேண்டும் என்பது விதி. எனக்கு இன்னும் நிரம்பவில்லையாதலால், அண்ணா சாலையில் ஒரு ஓட்டல் வாசலில் நின்று கேட்ட கிடார் ஒலியோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது.

சனி மாலை பெரிய கச்சேரி ஒன்றுக்குச் சீட்டு வாங்கினேன். மிகக் குறைந்த விலைச் சீட்டு. மாடியில் கடைசி வரிசை. அரங்கு நிரம்பி வழிந்தது. மேடையில் வித்துவான் வெண்பட்டு வேட்டி உடுத்தியிருந்தார். முன் வரிசைகளிலும் பட்டு மின்னிற்று. சேலம் வெண்பட்டு புவிசார் குறியீடு பெற்றது என்பதை நாம் அறிவோம். அந்த வேட்டிகளில் ஒன்றிரண்டேனும் நம் பக்கத்துத் தறியில் இறங்கியதாக இருக்கக்கூடும் அல்லவா? நெய்தவர் எவரும் அந்த அரங்கில் இருந்திருக்க மாட்டார் என்று நினைத்தபோது பாட்டிலிருந்து என் மனம் சிறிது நேரம் விலகிப் போயிற்று. எவரும் என்னைத் தடுக்கவில்லை, ஏறிட்டுப் பார்க்கவுமில்லை. இருந்தும் ஏதோ ஒரு தயக்கம் எனக்கு இருந்தது உண்மை. கச்சேரியில் தெலுங்கும் வடமொழியும் இரண்டு மணி நேரம் ஆண்டன; தமிழ் கடைசியில், எழுந்து போவோர் எழுந்து போகையில் வந்தது.

இது பழைய வழக்கு. அண்ணாமலை அரசர் 1941-இல் தொடங்கிவைத்த தமிழிசை இயக்கம் இதற்காகவே எழுந்தது. இராஜாஜி, கல்கி, டி.கே.சி. முதலானோர் அதை ஆதரித்தனர். 1943-இல் தமிழ் இசைச் சங்கம் உருவாயிற்று. ஞாயிறு காலை உயர்நீதிமன்றத்துக்கு அருகிலுள்ள அச்சங்கத்தின் இராஜா அண்ணாமலை மன்றத்துக்குப் போனேன். 1949 முதல் அச்சங்கம் நடத்திவரும் பண் ஆராய்ச்சி, தேவாரப் பண்களுக்கும் இன்றைய ராகங்களுக்கும் உள்ள உறவை ஆய்கிறது. தமிழ்த்துறை மாணவர்கள் அவசியம் கேட்கவேண்டியது அது.

என் மனக்குறை ஒன்று நாகசுரத்தைப் பற்றியது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை போன்றோர் ஆண்ட அக்கருவி, பல சபைகளில் தொடக்க நாளன்று மங்கல இசை என்ற அளவில் நின்றுவிடுகிறது. நம் ஊர்த் திருவிழாவில் சுவாமி தெருச் சுற்றி வரும்போது மணிக்கணக்கில் கேட்கும் வாசிப்புக்கு அங்கே அரைமணி! பறைக்கும் ஒப்பாரிக்கும் கானாவுக்கும் அந்த அரைமணியும் இல்லாதிருந்தது. ஆனால் காலம் நகர்கிறது. 2015-இல் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் பெசன்ட் நகரை அடுத்த ஊரூர் ஆல்காட் மீனவர் குப்பத்தில் விழா எடுத்தனர். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 2020 முதல் ‘மார்கழியில் மக்களிசை’ என்று அதே டிசம்பரில் பறையையும் கானாவையும் மேடையேற்றியது. பெண்கள் நிலையும் இப்படித்தான் மெல்ல மாறியது. அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கிடைத்தது 1968-இல், பெற்றவர் எம்.எஸ். சுப்புலட்சுமி.

போக விரும்பும் நண்பர்களுக்குச் சில குறிப்புகள். சேலத்தில் இரவு ஏற்காடு விரைவு வண்டி ஏறினால் விடியுமுன் சென்னை சென்ட்ரல். அகாதெமியின் விழா பொதுவாக டிசம்பர் 15-ஆம் நாள் தொடங்கிப் புத்தாண்டு நாளில் முடிகிறது. காலை எட்டு மணியளவில் நடக்கும் செய்முறை விளக்க உரைகளுக்குக் கட்டணமில்லை. கேள்விகளுக்கு விடை கிடைப்பதும் அங்கேதான். மயிலாப்பூர், ஆழ்வார்ப்பேட்டை, தியாகராய நகர் என்னும் மூன்று பகுதிகளுக்குள் பெரும்பாலான சபைகள் அடங்கிவிடுவதால் நகரப் பேருந்தே போதும். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் அறிந்தவர் எவரேனும் இருந்தால் படுக்க இடம் கிடைக்கும். எனக்குச் சித்தப்பா இருந்தார். மாலைச் சீட்டுக்கு வரிசையில் நிற்பதற்குமுன் நண்பகல் கச்சேரி ஒன்றில் முன் வரிசையில் போய் உட்காருங்கள். அங்கே பதினேழு பேருக்குப் பதில் பதினெட்டுப் பேர் இருந்தால் பாடுகிறவருக்கு அது தெரியும்.