பல்லினுள் ஓடும் குருதி

பல்லைக் கல்லென எண்ணுகின்றோம்; அதன் நடுவே பற்கூழ் எனும் உயிருள்ள மென்பொருள் உண்டென்பதை மறந்துவிடுகின்றோம். தாடையினுட் பல் உருப்பெறும்போதே குருதிக்கலன்கள் அடிப்புறத்தால் நுழைந்து கிளைவிடுகின்றன. பன்முதலை ஆக்கும் கலங்கள் தொழில் தொடங்கியதும், நுண்ணிய மயிர்க்குழாய்கள் அவற்றை நெருங்கி உணவும் ஒட்சிசனும் ஊட்டுகின்றன.

நிலைப்பல் முளைத்து ஏறக்குறைய 3 ஆண்டுகளில் வேர்நுனி ஒடுங்கிச் சிறு துளையாகின்றது. அதற்குமுன் அவ்வாயில் அகன்றிருத்தலால், விளையாட்டில் அடியுண்டு கழன்ற பல்லை உடனே பொருத்தினால், புதுக்கலன்கள் உட்புகுந்து கூழ் உயிர்பெறுதலுங் கூடும். பாற்பல்லுக்கு இது பொருந்தாது.

ஆதலின் மாணவரே, கழன்ற நிலைப்பல்லை எறியற்க. வேரைத் தொடாது எடுத்துப் பாலிலிட்டு, தாமதியாது பல்வைத்தியரை நாடுக. அங்கே ஒவ்வொரு நிமிடமும் பெறுமதியுடையது.