ரிப்போர்ட் கொடுத்தாச்சு, அப்புறம்?

பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாலான் டிராவர்ஸ் காவல் நிலையமானாலும் சரி, கிள்ளான் காவல் நிலையங்களானாலும் சரி, முகப்புக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "துவான், நான் கொடுத்த ரிப்போர்ட் என்ன ஆச்சு?" மோட்டார் திருட்டுப் போயிருக்கும், சேமிப்பை ஒரு மோசடிக் கும்பல் சுருட்டியிருக்கும், வீட்டில் அடி விழுந்திருக்கும். நிலையத்தின் பெயரும் வரிசை எண்ணும் ஆண்டும் அச்சான ஒரு தாள் மட்டும் கையில் இருக்கும். "ஐ.ஓ.வைக் கேளுங்க" என்பார்கள். விசாரணை அதிகாரியான அந்த ஐ.ஓ. வெளியே போயிருப்பார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கென்றே சில நாடுகளில் காவல் துறை ஆள் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில மக்கள் 1972இல் தாங்களே வாக்களித்து ஒரு பொதுப் பதிவேட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஆவணம் கேட்டு மனு வந்தால், காவல் துறை உட்பட எந்த அரசு அலுவலகமும் ஐந்து வேலை நாள்களுக்குள் பதில் தர வேண்டும். கேட்டதைக் கொடுக்கலாம், எத்தனை நாளாகும் என்று சொல்லலாம், மறுப்பதானால் சட்டப்படியான காரணத்தை எழுத வேண்டும். இதைக் கவனிப்பவர் ஆவண வெளியீட்டு அலுவலர்.

அவருடைய வேலை நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலைதான், ஆனால் சுமை அதிகம். கோப்பைப் பக்கம் பக்கமாகப் படித்து, பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், துப்புக் கொடுத்தவரின் முகவரி போன்றவற்றைக் கறுப்பு மையால் மறைப்பார். எந்தச் சட்டப் பிரிவின்படி மறைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். கூடுதலாக மறைத்தால் நீதிமன்றம் நாள் கணக்கில் அபராதம் போடலாம். ஒரு வரியை மறைக்கத் தவறினால் யாரோ ஒருவரின் உயிருக்கே ஆபத்து வரலாம். 2014இல் சியாட்டல் காவல் துறையிடம் ஒருவர் காணொளிப் பதிவுகளை மொத்தமாகக் கேட்டார். அத்தனை முகங்களை எப்படி மறைப்பது என்று திகைத்த துறை, வழி கண்டுபிடிக்கக் கணினி நிரலாளர்களை அழைத்துக் கூட்டமே நடத்தியது.

மலேசியக் காவல் துறையில் இந்தப் பெயரில் பதவி இல்லை. வேலை மட்டும் முகப்புக் காவலர், ஐ.ஓ., போக்குவரத்துப் பிரிவின் ஆவண முகப்பு, அரசு வழக்கறிஞர் என்று பலரிடம் பிரிந்து கிடக்கிறது.

உரிமையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அந்தோணி கோமெஸ் என்பவர் குவாந்தான் மாவட்டக் காவல் துறைத் தலைவருக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், முதல் தகவல் அறிக்கை, அதாவது நாம் கொடுக்கும் ரிப்போர்ட், ஒரு பொது ஆவணம் என்று 1977இலேயே கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சம்பந்தப்பட்டவர் அதன் நகலைப் பெறலாம். சாலை விபத்து என்றால் நடைமுறை இன்னும் தெளிவானது. கூட்டரசு நெடுஞ்சாலையில் கார் மோதினால் 24 மணி நேரத்துக்குள் ரிப்போர்ட் செய்ய வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்குத் தேவைப்படும் விபத்து வரைபடம், படங்கள், விசாரணை முடிவு ஆகியவற்றைக் கட்டணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம்.

குற்றப் புகார்களில்தான் மக்கள் திண்டாடுகிறார்கள். அவர்களுக்கு உதவும் சட்டப் பிரிவு ஒன்று 2007இலிருந்து நடப்பில் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவு அது. புகார் கொடுத்தவர், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று அந்த நிலையத்தின் பொறுப்பதிகாரியிடம் அறிக்கை கேட்கலாம். கேட்ட இரண்டு வாரத்துக்குள் அதைத் தர வேண்டும். இதற்கு நிபந்தனைகளும் உண்டு. கைது ஆணை இல்லாமலே பிடிக்கக்கூடிய குற்றமாக இருக்க வேண்டும், புகார் கொடுத்து நான்கு வாரம் ஆகியிருக்க வேண்டும், வெளியிடும் தகவல் விசாரணையைக் கெடுப்பதாக இருக்கக் கூடாது. பதில் வராவிட்டால் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு எழுதலாம். அங்கிருந்து மாவட்டக் காவல் துறைத் தலைவருக்கு உத்தரவு போகும். அதையும் மதிக்காத அதிகாரிக்கு 1,000 ரிங்கிட் வரை அபராதமோ ஒரு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். இவ்வளவு கூர்மையான பிரிவை அறிந்தவர்கள் நம்மில் மிகச் சிலரே என்பது வருத்தத்துக்குரியது.

குற்றம் சாட்டப்பட்டவருக்கும் வழி இருக்கிறது. அதே சட்டத்தின் 51ஏ பிரிவின்படி, வழக்கு விசாரணை தொடங்குமுன் புகாரின் நகலையும் அரசுத் தரப்பு தாக்கல் செய்யப்போகும் ஆவணங்களையும் அவருக்குத் தர வேண்டும். அவருக்குச் சாதகமான உண்மைகள் இருந்தால் அவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனால் சாட்சிகள் போலீசிடம் கொடுத்த வாக்குமூலங்களைப் பொதுவாகப் பெற முடியாது. ஹுஸ்டி என்பவரின் 1979ஆம் ஆண்டு வழக்கில் வந்த தீர்ப்பு அந்தக் கதவை மூடியது. சாட்சிகளை மிரட்டிக் கலைத்துவிடுவார்கள் என்ற அச்சம் பொய்யல்ல, ஆகவே இந்த மறுப்பில் நியாயம் உண்டு.

நியாயம் தெரியாத மறுப்புகளும் இருக்கின்றன. சிலாங்கூர் சட்டமன்றம் 2011இல் தகவல் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியது. மாநில அரசு அலுவலகங்களில் கிள்ளான்வாசி அதைப் பயன்படுத்தலாம், காவல் நிலையத்தில் பயன்படுத்த முடியாது, ஏனென்றால் காவல் துறை மத்திய அரசின் கையில் இருக்கிறது. மத்தியில் எந்த ஆவணத்தின் மீதும் 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின்கீழ் இரகசியம் என்று முத்திரை குத்தலாம். ஒருமுறை குத்திவிட்டால், அது இரகசியம் என்று அதிகாரி தரும் சான்றிதழே முடிவானது என்றும் நீதிமன்றத்தில் கேள்வி எழுப்ப முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. 2017 பிப்ரவரியில் பெட்டாலிங் ஜெயாவில் போதகர் ரேமண்ட் கோ கடத்தப்பட்டார். அது பற்றி அரசு அமைத்த சிறப்புக் குழுவின் அறிக்கையும் அந்த முத்திரைக்குள்தான் போனது.

ஒரு தாள் என்ன செய்யும் என்று கேட்பவர்கள் அ. குகனின் வழக்கை நினைத்துப் பார்க்க வேண்டும். கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்ட அந்த இளைஞர், 2009 ஜனவரி 20ஆம் தேதி சுபாங் ஜெயா தாய்ப்பான் காவல் நிலையத்தில் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பம் அதை ஏற்காமல் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இரண்டாவது பரிசோதனைக்குப் போனது. அடியால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழந்தது என்று அந்த அறிக்கை சொன்னது. 2013இல் உயர் நீதிமன்றம் அவருடைய தாயாருக்கு 8 லட்சம் ரிங்கிட்டுக்கும் மேல் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. முதல் அறிக்கையோடு அந்தக் குடும்பம் வீடு திரும்பியிருந்தால் அந்த வழக்கே இல்லை.

இந்தியாவில் நிலைமை சற்று வேறு. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற வழக்குகளுக்கு விலக்குக் கொடுத்தது. அதாவது, எதை மறைப்பது என்பதற்கும் விதி வகுத்தது. மலேசியாவில் மத்திய அளவில் தகவல் சுதந்திரச் சட்டம் இயற்றும் பணியை அரசு 2023இல் கையிலெடுத்தது. அந்தச் சட்டம் காவல் துறையையும் உள்ளடக்க வேண்டும். மாவட்டக் காவல் தலைமையகம் ஒவ்வொன்றிலும் ஆவணம் வழங்கப் பொறுப்பான ஒருவர், பெயர்ப்பலகையோடு உட்கார வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பதைப் பயன்படுத்துவோம். வாய்மொழிப் புகாரை எழுதிய பின் புகார்தாரருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது 107ஆம் பிரிவின் கட்டளை. மலாய் சரளமாக வராத அம்மாவோ தாத்தாவோ ரிப்போர்ட் கொடுக்கப் போனால், மொழி தெரிந்த ஒருவர் உடன் போங்கள். படித்துக் காட்டும் முன் கையெழுத்துப் போட விடாதீர்கள். நகலைப் பத்திரமாக வையுங்கள். நான்கு வாரம் கழிந்ததும் 107ஏ என்ற எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதி, நிலையத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் பிரதியில் வாங்கிக்கொள்ளுங்கள்.